நகை செய்யக் குறடு வாங்குகிறீர்களா? முதலில் கம்பியைப் பாருங்கள்

கவரிங் நகையில் குறடு பதித்த தழும்பு போகவே போகாது. தங்க முலாம் என்பது மிக மெல்லிய படலம். பல்லுள்ள குறடு ஒரு தரம் அழுந்தினாலே அடியில் இருக்கும் செம்போ பித்தளையோ வெளியே வந்துவிடும். செய்து முடித்த அன்று அது கண்ணுக்குத் தெரியாது. வியர்வை பட்டுப் பட்டுக் கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் கறுத்து, பச்சை பூத்து நிற்கும். வாங்கியவர் முலாம் சரியில்லை என்பார். பெரும்பாலும் குற்றம் முலாமில் இருக்காது, குறட்டில் இருக்கும்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் வீட்டிலிருந்தே நகை செய்யும் பெண்கள் இப்போது நிறைய. பட்டு நூல் ஜிமிக்கி, டெரகோட்டா, மணி மாலை, பரதநாட்டியத்துக்கான கெம்பு செட், சிதம்பரம் கவரிங் செயின் பழுது என்று ஆளுக்கொரு வேலை. புதிதாகத் தொடங்குபவர்கள் மணிக்கும் கல்லுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, குறட்டை மட்டும் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்குகிறார்கள். நான் இதற்கு நேர் எதிராகச் சொல்வேன்: மணியைக் குறைத்து வாங்குங்கள், குறட்டுக்கான செலவில் கை வைக்காதீர்கள். அதற்காக எட்டுக் குறடு அடுக்கிய பெட்டி வேண்டும் என்பதில்லை. நல்லதாக மூன்று குறடு, ஒரு கட்டர். இந்த நான்கும் சரியாக அமைந்தால் வீட்டு நகை வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதல் படி: எந்தக் கம்பி, எந்த வேலை

கடைக்குப் போவதற்கு முன்னால் அடுத்த ஆறு மாதம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். நகையின் பெயரை விட அதில் ஓடும் கம்பியின் கனம்தான் முக்கியம். குறடு பிடிக்கப் போவது அதைத்தானே.

காது கொக்கி, மணி கோர்க்கும் ஐ பின் (முனையில் கண் உள்ளது), ஹெட் பின் (முனையில் தலை உள்ளது) எல்லாம் சுமார் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. கண்ணிகளை இணைக்கும், வாய் வெட்டிய சிறு வளையமான ஜம்ப் ரிங் 0.8 முதல் 1 மி.மீ. மணியைச் சுற்றிக் கட்டும் மெல்லிய கம்பி 0.3, 0.4 மி.மீ. வளையலுக்கும் கழுத்து வளையத்துக்கும் அடிக்கம்பி என்றால் 1.3 மி.மீ.க்கு மேல் போகும். முதல் மூன்றுக்கும் சிறிய, நுனி மெலிந்த குறடு வேண்டும். கடைசி வேலையை அதே சிறு குறட்டில் செய்தால் நுனி வளைந்துவிடும். இரண்டும் செய்வீர்கள் என்றால் இரண்டு அளவில் வாங்கத்தான் வேண்டும். ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பியின் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கான எஸ்.டபிள்யூ.ஜி. வழக்கில் இருக்கிறது. ஆன்லைனில் நகைப்பொருள் விற்பவர்கள் பலர் அமெரிக்கக் கணக்கான ஏ.டபிள்யூ.ஜி. போடுகிறார்கள். அதே 20 கேஜ் முதல் கணக்கில் 0.91 மி.மீ., இரண்டாவதில் 0.81 மி.மீ. மணியின் துளைக்குள் நுழையுமா நுழையாதா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானித்துவிடும். அதனால் மி.மீ. கேட்டு வாங்குங்கள். குறட்டின் பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் மி.மீ.க்கு மாற்றிப் பாருங்கள்.

கம்பியின் உலோகமும் கணக்கில் வரும். செம்பு மெத்தென்று வளையும். பித்தளை அதைவிட விறைப்பு, திமிறும். மெமரி வயர் எனப்படும் சுருள் கம்பி கடினமான எஃகு. அதை நகைக் கட்டரில் வைக்கவே கூடாது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: நான்கையும் வாயைப் பார்த்து அடையாளம் காணுங்கள்

நம் ஊர்க் கடைகளில் வாய் நீண்ட எல்லாவற்றுக்கும் நோஸ் பிளேயர் என்றே பெயர். பெயர் சொல்லிக் கேட்டால் கையில் வருவது எதுவாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து உள்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரவுண்ட் நோஸ்: இரண்டு வாயும் கூம்பு மாதிரி, நுனியில் மெலிந்து அடியில் தடித்து இருக்கும். வளையம் போட மட்டுமே இது. பிடித்து இழுக்க, நசுக்க, திருக இதை எடுக்கக் கூடாது. கூம்பும் கம்பியும் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான் என்பதால் அழுத்தம் முழுக்க அங்கேயே இறங்கிக் குழி விழும். வாங்கும்போது இரண்டு கூம்பும் ஒரே நீளமா, ஒரே கனமா என்று பாருங்கள். ஒன்று நுனியில் நீண்டிருந்தால் வளையம் கோணலாகத்தான் வரும். நுனி ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. இருந்தால் சிறு மணி வேலைக்குச் சரியாக இருக்கும்.

கூம்பாக இருப்பதால் எந்த இடத்தில் கம்பியை வைக்கிறோமோ அதற்கேற்ப வளையத்தின் அளவு மாறும். ஒரு ஜோடித் தோட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டுமென்றால், குறட்டின் வாயில் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு எப்போதும் அந்தக் கோட்டிலேயே சுற்றுங்கள். எவ்வளவு கம்பி விட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. வளையத்தின் உள் அகலத்தோடு கம்பியின் கனத்தைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். உள் அகலம் 2.5, கம்பி 0.8 என்றால் 3.3 பெருக்கல் 3.14, அதாவது சுமார் 10.4 மி.மீ. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட.

செயின் நோஸ்: உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் உருண்டை, நுனி கூர்மை. செயினின் கண்ணிக்குள் போய்ப் பிடிப்பது, கட்டிய கம்பியின் வால் நுனியை உள்ளே அழுத்துவது, மணி கோர்க்கும் கியர் வயரின் முனையை இறுக்கும் கியர் லாக் என்ற சிறு குழாயை நசுக்குவது எல்லாம் இதன் வேலை. ஒரே ஒரு குறடுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஃபிளாட் நோஸ்: உள்ளும் புறமும் தட்டை, நுனி அகலம். கம்பியை நேர்கோணத்தில் மடிக்க, ஜம்ப் ரிங்கை அகலமாகப் பற்ற இது. அழுத்தம் பரவலாக இறங்குவதால் தழும்பு குறையும்.

செயின் நோஸ், ஃபிளாட் நோஸ் இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜம்ப் ரிங் திறக்க இரண்டு கையிலும் குறடு வேண்டும். வளையத்தின் வாய் மேலே இருக்கும்படி, வாய்க்கு இரண்டு புறமும் இரண்டு குறட்டால் பிடித்து, ஒரு கையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நகர்த்தித் திறக்க வேண்டும். மூடுவதும் அதே வழியில்தான். இரண்டு பக்கமும் இழுத்து அகட்டித் திறந்தால் வட்டம் முட்டையாகிவிடும், பிறகு வாய் சேரவே சேராது. அந்த இடைவெளியில்தான் செயின் நழுவி விழும். ஒரு குறட்டையும் நகத்தையும் வைத்துக்கொண்டு சமாளிப்பவர்களின் நகைகள் அறுந்து திரும்பி வருவதற்கு இதுதான் முக்கியமான காரணம். மூடும்போது வாயை ஒரு மயிரிழை கடந்து போய்த் திரும்பி வாருங்கள். கம்பிக்கு இறுக்கம் ஏறி, வாய் தானாக அழுந்தி நிற்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளை எடை, முத்து எண்ணிக்கை உட்படப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் கொக்குவாய், படுகண் என்று மாட்டும் கொக்கியும் அது போய் விழும் கண்ணும்கூடத் தனியே கணக்கில் வருகின்றன. பூட்டுவாய்க்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அவ்வளவு கவனம். நாமும் மாலையை ரசிப்பதில் பாதி அக்கறையையாவது அந்தச் சிறு வளையத்துக்குக் கொடுக்கலாம்.

கட்டர்: இதில்தான் பணத்தை இறக்க வேண்டும். நகைக்கு வேண்டியது ஃபிளஷ் கட்டர். ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் சமதளமாகவும் இருக்கும். சரிவுப் பக்கம் விழும் கம்பி நுனி கூரை மாதிரி முனையாக நிற்கும், சமதளப் பக்கம் விழும் நுனி மழுமழுவென்று தட்டையாக இருக்கும். அதனால் நகையில் தங்கப் போகும் கம்பி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சமதளம் இருக்க வேண்டும். காதுக்குள் போகும் கொக்கிக்கும் கழுத்தில் உரசும் கண்ணிக்கும் இது மிக அவசியம். வெட்டிய நுனியை விரலில் தடவிப் பாருங்கள். விரலில் கீறினால் பட்டுப் புடவையிலும் இழுக்கும். வெட்டும்போது துண்டு தெறிக்கும் பக்கத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கண்ணுக்குத்தான் வரும்.

கட்டரின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச கனம் மெத்தென்ற செம்புக் கம்பிக்கானது. பித்தளைக்கு அதிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். எஃகுக்கு அந்தக் கணக்கே செல்லாது. மெமரி வயர் ஒரே வெட்டில் கத்தி விளிம்பில் பள்ளம் போட்டுவிடும். அதற்கென்று தனிக் கட்டர் கிடைக்கிறது. எப்போதாவதுதான் தேவை என்றால் ஹார்டுவேர் கடையின் கட்டிங் பிளேயரே போதும். கியர் வயருக்குள்ளும் எஃகு இழைகள் இருக்கின்றன. புதுக் கட்டரை அதில் தேய்க்காமல் பழசு ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: கடையில் நின்று சோதிப்பது

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் குறட்டைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதற்கு ஈடு கிடையாது. நகைத் தொழில் கருவி விற்கும் கடைகள் நகைக்கடைத் தெருவை ஒட்டியே இருக்கும். திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் தேடினால் கிடைக்கும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பத்தர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள், சொல்வார்கள். அவர்கள் பட்டறையில் ஒரு நிமிடம் நின்று கவனித்தால், ஒரே வகைக் குறடு இரண்டு மூன்று அளவில் கிடப்பதும், சிலவற்றின் வாயை வேலைக்கேற்ப அவர்களே அரத்தால் ராவித் திருத்தியிருப்பதும் தெரியும்.

முதலில் மூட்டு. இரண்டு பாதியும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு பாதியில் துவாரம் வெட்டி மற்றப் பாதியை அதற்குள் நுழைத்திருந்தால் அது பாக்ஸ் ஜாயின்ட். ஒன்றன் மேல் ஒன்றை வைத்து நடுவில் ஆணி அடித்திருந்தால் லேப் ஜாயின்ட். பாக்ஸ் ஜாயின்டில் வாய் பக்கவாட்டில் நகர இடமில்லாததால் பல வருஷம் ஆனாலும் இரண்டு நுனியும் நேருக்கு நேர் நிற்கும். லேப் ஜாயின்ட் நாளாக ஆகத் தளர்ந்து கத்தரிக்கோல் மாதிரி விலகும். பாக்ஸ் ஜாயின்டுக்கு விலை கூடத்தான். மாதத்துக்கு நான்கு ஜோடி செய்பவருக்கு நல்ல லேப் ஜாயின்டே போதும். விற்பனைக்குச் செய்பவர் பாக்ஸ் ஜாயின்டுக்கே போய்விடுங்கள். எதுவானாலும் இரண்டு கைப்பிடியையும் தனித்தனியே பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புதுசிலேயே ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். குறட்டை மூடி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். நுனி முதலில் தொட்டு, அடியில் நூலளவு வெளிச்சம் தெரிந்தால் நல்லது. கம்பியைப் பிடிக்கும்போது இரண்டு வாயும் அப்போதுதான் இணையாக வந்து நிற்கும். அடி தொட்டு நுனியில் வெளிச்சம் தெரிந்தால் அது எந்தக் காலத்திலும் மெல்லிய கம்பியைப் பிடிக்காது. கட்டருக்கு இந்தச் சோதனையில் விளிம்பு முழுக்க எங்கும் வெளிச்சம் வரக் கூடாது. அப்புறம் நுனியில் மெல்லிய நைலான் நூலை வைத்து ஒரு தரம் அழுத்துங்கள். இழுக்காமல், மெல்லாமல், ஒரே சொடுக்கில் அறுபட வேண்டும்.

உள்பக்கத்தை விரல் நுனியால் தடவுங்கள். பல் இருக்கக் கூடாது. ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கக் கூடாது. குரோம் பூச்சு உரிந்தோ குமிழ் விட்டோ இருக்கக் கூடாது. உரிந்த பூச்சின் விளிம்பு முலாமைக் கீறும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. டெல்டாவில் பம்ப்செட் இல்லாத ஊர் ஏது, மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத கடைத்தெரு ஏது. அங்கே மிஞ்சும் புதுக் காயில் கம்பித் துண்டு கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவியது வேண்டாம், அது கருகியிருக்கும். அந்தச் செம்புக் கம்பியின் மேல் மெல்லிய எனாமல் பூச்சு உண்டு. 0.8 மி.மீ. போல ஒரு துண்டைக் குறட்டில் அழுத்திப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். குறடு எங்கே கீறுகிறதோ அங்கே எனாமல் உரிந்து பளபளவென்று செம்பு தெரியும். எனாமலைக் கீறாத குறடு கவரிங்கிலும் கருணை காட்டும். நாலு முழக் கம்பியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு நல்ல சரக்கை உள்ளேயிருந்து எடுத்து வருவார்.

கடைசியாகக் கை. நகைக் குறடு நாலரை அங்குலம் முதல் ஐந்தரை அங்குலம் வரை வரும். பிடித்ததும் கைப்பிடியின் முனை உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். உள்ளங்கை நடுவிலேயே முடிந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் கன்றிப் போகும். சின்னக் கை என்று சொல்லி மிகக் குட்டியானதை வாங்குபவர்கள்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள். நடுவில் ஸ்பிரிங் இருப்பதை வாங்குங்கள், விட்டதும் வாய் தானாகத் திறக்க வேண்டும். கடையிலேயே பத்து இருபது தரம் திறந்து மூடுங்கள். கட்டை விரலின் அடி இழுத்துப் பிடித்தால் அந்த ஸ்பிரிங் உங்களுக்கு விறைப்பு. இடது கைக்காரர்களுக்குத் தனிக் குறடு தேவையில்லை, கட்டரை மட்டும் திருப்பிப் பிடித்துப் பழகினால் போதும்.

வீட்டில் இருக்கும் குறடு ஆகாதா?

மின் வேலைக்கான கட்டிங் பிளேயரும் லாங் நோஸும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. டபாரியா மாதிரியானவை அந்த வேலைக்கு நல்ல கருவிகள்தான். ஆனால் ஒயர் வழுக்காமல் இருப்பதற்காகவே அவற்றின் வாயில் பல் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பல்தான் நமக்கு எதிரி. அவசரத்துக்கு மாஸ்கிங் டேப்பை இரண்டு வாயிலும் தனித்தனியே சுற்றிப் பயன்படுத்தலாம். டேப் நசுங்கிப் பல் எட்டிப் பார்க்கும் முன் மாற்றிவிட வேண்டும். நுனி தடிமன் என்பதால் செயின் கண்ணிக்குள் போகாது. தடித்த கம்பியை நேராக்க, மெமரி வயர் வெட்ட என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அடுத்து எது, எப்போது

அடிப்படை நான்கும் கைக்குப் பழகிய பிறகு, வேலை கேட்கும்போது மட்டும் மற்றதை வாங்குங்கள்.

கவரிங்கும் கலர் பூச்சுக் கம்பியும் அதிகம் புழங்கினால் முதலில் நைலான் வாய்க் குறடு. கோணிய கம்பியை வாயில் வைத்து உருவினால் தழும்பில்லாமல் நேராகும். நைலான் தேயும், மாற்று வாய் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள்.

மணி மாலையைக் கியர் வயரில் கோர்ப்பவர்களுக்குக் கிரிம்பிங் பிளேயர். வாயில் இரண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடிக்கு அருகில் பல் நீட்டிய பள்ளத்தில் முதலில் வைத்து அழுத்தினால் குழாய் நடுவில் மடியும். பிறகு நுனிப் பக்கத்து வட்டப் பள்ளத்தில் வைத்துத் திருப்பி அழுத்தினால் உருண்டு அடங்கும். வரிசையை மாற்றினால் பிடிக்காது. கியர் லாக்கைச் செயின் நோஸால் தட்டையாக நசுக்கினாலும் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் ஓரம் கழுத்தில் குத்தும்.

மோதிரம், தோளில் அணியும் வங்கி, ஒட்டியாணம் போன்று பட்டையாக வளைவது எதுவானாலும் ஒரு வாய் தட்டையாகவும் மறுவாய் அரைவட்டமாகவும் உள்ள குறடு வேண்டும். அரைவட்டத்தை உள்பக்கம் வைத்து வளைக்க வேண்டும். இதை ரவுண்ட் நோஸில் செய்தால் பட்டை முழுக்கப் பள்ளம் பள்ளமாக விழும்.

பெய்ல் பிளேயர் என்று ஒன்று. கூம்புக்குப் பதில் சீரான உருளை வாய், ஒன்று சிறிது மற்றது பெரிது. ஒரே அளவு வளையம் நிறையப் போடுபவர்களுக்குச் சுகம். நூறு ஜம்ப் ரிங் வேண்டும் என்றால் அதுகூடத் தேவையில்லை, ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் கம்பியைச் சுருட்டி ஒவ்வொன்றாக வெட்டிக்கொள்ளலாம். வளைந்த மூக்குள்ள குறடு, கையே நுழையாத மூலையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். மணி எடுக்க, கல் எடுக்கக் குறட்டைத் தேடாதீர்கள், அதற்குச் சாமணம் இருக்கிறது.

கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறையப் பாதியைக் கட்டருக்குக் கொடுங்கள். மீதியில் நல்ல செயின் நோஸ் ஒன்று. ரவுண்ட் நோஸும் ஃபிளாட் நோஸும் நடுத்தரமாக இருந்தாலும் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். மழுங்கிய கட்டரை வீட்டில் சரிசெய்ய முடியாது.

ஐந்தாம் படி: வேலைக்கு எடுப்பதற்கு முன்

புதுக் குறட்டின் மேல் இருக்கும் எண்ணெயைப் பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் முதல் பட்டு நூல் ஜிமிக்கியே கறைபடும்.

பிறகு 600 எண் தண்ணீர் எமரித் தாளைச் சிறு துண்டாகக் கிழித்து, வாயின் உள் ஓரங்களையும் நுனி முனைகளையும் மட்டும் மெதுவாக உருட்டித் தேயுங்கள். அடுத்து 1000, அதற்கும் அடுத்து 1200. கூர்மையை எடுப்பதுதான் நோக்கம், உள் தட்டையைத் தேய்த்துப் பள்ளமாக்கிவிடாதீர்கள். ஃபிளாட் நோஸின் ஓரம் கொஞ்சம் கூர்மையாக இருந்தால்தான் நேர்கோணம் நன்றாக மடியும் என்பதால் அதில் கை லேசாகப் பட்டால் போதும். கட்டர் பக்கம் எமரித் தாளையே கொண்டுபோகாதீர்கள். தேய்த்து முடித்ததும் அதே எனாமல் கம்பிச் சோதனை. கீறல் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

டெரகோட்டா செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுட்ட மண்ணில் இருக்கும் கம்பி வளையத்தைத் திறக்கும்போது ஒரு குறடு வளையத்தின் கழுத்தை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், மற்றது திருப்ப வேண்டும். கழுத்தைப் பிடிக்காமல் திருப்பினால் அந்த விசை முழுக்க மண்ணுக்குப் போய் விரிசல் விடும். கெம்பு நகையிலும் இப்படித்தான். கல் பதித்த முகத்தில் எந்தக் குறடும் அழுந்தக் கூடாது. பின்பக்கத்துக் கண்ணியை மட்டுமே தொடுங்கள்.

நாட்டிய நகைக்காரர்களின் சின்னப் பை

மகா சிவராத்திரி சமயம் டெல்டா முழுக்க நாட்டியாஞ்சலி நடக்கும். சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கியது, இப்போது கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று பல ஊர்களில். மேடை ஏறப் போகும் நேரத்தில் மாட்டல் அறுந்து கையில் வரும், நெற்றிச்சுட்டியின் கொக்கி நழுவும், ஒட்டியாணத்தின் கண்ணி விட்டுப் போகும். குழந்தை அழத் தொடங்கிவிடும். அங்கே நிற்கும் அம்மாக்களும் நகை வாடகைக்கு விடுபவர்களும் ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ள வேண்டியது: செயின் நோஸ் ஒன்று, ஃபிளாட் நோஸ் ஒன்று, 4, 6, 8 மி.மீ. அளவில் தங்க நிற ஜம்ப் ரிங் கொஞ்சம், எஸ் கொக்கி சில. கட்டர் அவ்வளவு அவசியமில்லை. ரவுண்ட் நோஸ் தேவையே இல்லை, அந்த அவசரத்தில் யாரும் புது வளையம் போடப் போவதில்லை. அறுந்த கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கண்ணியில் புது ஜம்ப் ரிங் போட்டு மாட்டினால் ஒரு நிமிடத்தில் பிள்ளை மேடைக்குத் தயார். நாட்டிய நகை குலுங்கும், இழுபடும். அதனால் 1 மி.மீ. கனத்துக்குக் குறைந்த ஜம்ப் ரிங்கை அதில் போடாதீர்கள்.

துரு, மழை, உப்புக் காற்று

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் சுவரையே ஓதம் கக்க வைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். குறடு பெரும்பாலும் கார்பன் எஃகு. கத்தி விளிம்பு கூர்மையை வைத்திருக்கும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெய்ன்லெஸ் துருவை நன்றாகத் தாங்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் பிடிக்கும் குறடுகளையாவது ஸ்டெய்ன்லெஸில் வாங்கினால் நிம்மதி.

வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து வையுங்கள். மண் வேலை செய்த ஈரக்கையோடு குறட்டைத் தொட வேண்டாம். மாதம் ஒரு தரம் மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து தரம் திறந்து மூடி, மிச்சத்தைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்கேறித் தூசியைப் பிடித்து மூட்டை இறுக்கிவிடும். மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில், செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்தால் மழைக்காலம் தாண்டும். லேசாகத் துரு பிடித்துவிட்டால் எண்ணெய் தொட்ட 1200 எமரித் தாளால் துடைத்தாலே போய்விடும். ஆழமாகக் குழி விழுந்துவிட்டால் அந்த வாயைக் கவரிங் பக்கம் கொண்டுவராதீர்கள்.

கட்டரின் வயது குறட்டை விடக் குறைவு. வெட்டிய நுனியில் சிறு கொம்பு மாதிரி மிச்சம் நிற்கத் தொடங்கினால், நைலான் நூலை அறுக்காமல் மடித்துவிட்டால், அதன் காலம் முடிந்தது. தூக்கிப் போடாதீர்கள். கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, கியர் வயருக்கும் பித்தளைக்கும் ஒதுக்குங்கள். புதிதாக வாங்கும் கட்டரை மெல்லிய செம்புக்கும் வெள்ளிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் வேறு யார் கேட்டாலும் சிவப்பு நூல் கட்டியதையே எடுத்துக் கொடுங்கள்.